ஒன்றும் கிடைக்காது என்று சொல்லும் மிஸ்

"இதுனால ஒங்களுக்கு ஒன்னும் கெடைக்காதுங்க. மொதல்லயே சொல்லிட்டேன். இப்ப ஒக்காந்து பேசலாமா?"

எந்த வாசலில் போய் நின்றாலும் மிஸ்ஸின் முதல் பேச்சு இதுதான். வணக்கம்கூட இதற்கு அப்புறம்தான். குடையை மடக்குவார், கெண்டைக்காலில் ஏறியிருக்கும் அட்டையை உப்பு கட்டிய துணியால் ஒற்றி உதிர்ப்பார், நிமிர்வார், சொல்லிவிடுவார். சிலர் "அப்ப எதுக்குங்க இம்புட்டு தூரம் ஏறி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாத்தாதவர்கள் பலகையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். பொருளியலில் சிறப்புப் பட்டம் படித்துவிட்டு, ஆய்வென்றால் என்னவென்று கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பில் வந்திருந்த எனக்கு, சாத்தப்படும் ஒவ்வொரு கதவுக்கும் வயிறு எரியும்.

"கொஞ்சம் பொறுத்துச் சொல்லக்கூடாதா மிஸ்? பேசி முடிச்சிட்டு சொன்னா என்ன?"

"பேசி முடிச்சிட்டு சொன்னா அது ஏமாத்துறது, புள்ள."

அதோடு சரி. அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் குடையை விரித்துக்கொண்டு முன்னே நடந்துவிடுவார்.

அவரை மிஸ் என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். பெயரைப் போட்டு எழுதினால், "எதுக்குப் போட்ட? நான் என்னா செத்தா போயிட்டேன்?" என்று தொலைபேசியில் கேட்கக்கூடிய ஆள்.

ஹட்டனில், பிரதான வீதியிலிருந்து படியேறிப் போனால், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். அகதிகளுக்கு உதவும் நிறுவனம். அகதிகள் என்றால் வேறு நாட்டார் இல்லை, எங்கள் ஆட்களேதான். கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வவுனியாப் பக்கம் போய், அங்கேயும் சண்டை துரத்த, படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் ஒதுங்கியவர்கள். ஒரு வாழ்க்கையே முகாமில் கழிந்தபின், இப்போது பிள்ளைகளோடு திரும்பி, பிறந்த தேயிலைத் தோட்டத்தைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். இப்படி வந்தவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், யார் தயவில் இருக்கிறார்கள் என்று ஆராய்வதுதான் என் உள்ளகப் பயிற்சி. மிஸ் அந்த ஆய்வின் பொறுப்பாளர். றொசல்லயில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, தனியாகவே வாழ்ந்து ஐம்பதைத் தாண்டியவர்.

நேர்முகத் தேர்வில் என்னிடம் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "பயிற்சி முடிஞ்சதும் இங்க வேலை கெடைக்கும்னு நெனைக்காத. கெடைக்காது. பகல் சாப்பாடு நீயே கட்டிட்டு வரணும். வழுக்கி விழுந்தா மட்டும் நாங்க தூக்கிட்டு வருவோம்" என்றார். நான் தலையாட்டினேன். அதுதான் தேர்வு போலிருக்கிறது, மறுநாளே வரச் சொன்னார்.

நமக்குப் பேசப் பிடிக்காதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? "இல்லையென்று சொல்" என்று சைகை காட்டுவோம். நானும் ஒருமுறை மிஸ்ஸுக்காக அப்படிச் சொல்லப் போனேன். அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இருக்கேங்க. ஆனா ஒங்களோட இன்னைக்குப் பேச விருப்பமில்ல. நாளைக்கு எடுங்க" என்று வைத்துவிட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் எங்கள் நிறுவனத்தையே நடத்தும் பணிப்பாளர்.

பணிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். வெளிநாட்டிலிருந்து உதவி தருபவர்கள் ஒருநாள் வந்தார்கள். அவர் அழகாக உடுத்திக்கொண்டு, திரும்பி வந்த குடும்பங்கள் சொந்த மண்ணில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மிஸ் எழுந்தார். "சந்தோசமா இல்ல சேர். அவங்களுக்குக் குளிருது. வெய்யில்ல வளந்த புள்ளைங்க, நெஞ்சு சளியோட கெடக்குதுங்க" என்றார். பணிப்பாளரின் காது சிவந்துபோனது. வந்தவர்கள் கம்பளி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மிஸ் அதையும் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. கம்பளி கையில் வந்த பிறகு சொல்லலாம் என்றார்.

ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டே விட்டேன்.

"எங்க ஆளுங்களுக்கு எல்லாரும் நல்லதத்தான் சொன்னாங்க புள்ள. இந்தியா போனா காணி, இங்கயே இருந்தா காணி, திரும்பி வந்தா வீடு. சொன்னவன் ஒருத்தனாவது மறுபடி வந்து மொகத்தக் காட்டுனானா? நான் மறுபடி போக வேண்டியவ. அதான்."

நியாயம்தான். ஆனாலும் இப்படிப்பட்டவரோடு வேலை செய்வது ஒரு பயம். எந்த நேரத்தில் எவரிடம் எதைப் போட்டு உடைப்பாரோ என்று கூடவே போகிறவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். செல்வராணி அக்காவின் விஷயத்தில் அந்தப் பயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

செல்வராணி அக்கா நோட்டன் பிரிட்ஜைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாகப் போனவர், இரண்டு பெண் பிள்ளைகளோடு திரும்பி வந்திருந்தார். கணவர் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அக்காவுக்குத் தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் இல்லை, வேலை இல்லை. அண்ணன் மகள் பரமேஸ்வரி மட்டும் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையின் பின்பக்கத்தில், சேலையைக் குறுக்கே கட்டிக்கொண்டு தாயும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அது தோட்டச் சட்டப்படி தப்பு. காம்பரா வேலை செய்கிறவர்களுக்குத்தான். புதிதாக வந்திருந்த சின்னதொரை, அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார்: வெளியாள் யாரையாவது வைத்திருப்பது தெரிந்தால், வைத்திருப்பவரின் காம்பராவே பறிபோகும். பரமேஸ்வரி இதை எங்களிடம் சொல்லிவிட்டுக் கேட்டாள். "அத்தைய எங்க போகச் சொல்வேன் மிஸ்? என்னையும் சேத்து வெரட்டுனா நான் எங்க போவேன்?"

மிஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "கண்டுபுடிச்சா ரெண்டு பேருக்கும் எடம் போகும். என்னால தடுக்க முடியாது" என்றார். எனக்கு அவர் காலை மிதிக்க வேண்டும் போலிருந்தது.

அன்றைக்குத்தான் செல்வராணி அக்கா முகாமைப் பற்றிப் பேசினார். முகாமில் வளர்ந்தவர்கள் பேச்சே வேறு. மிஸ்ஸை "மேடம்" என்பார். "கணக்கெடுக்க ஆபீசர் வர்ற அன்னிக்கு வேலைக்குப் போக மாட்டோம் மேடம். காய்ச்சல்ல கெடந்தாலும் எழுந்து, தலைவாரி, குடும்பத்தோட வாசல்ல வரிசையா நிக்கணும். அகதி அட்டையக் கையில வச்சுக்கணும். ஆள் இல்லேன்னா பேர வெட்டிருவாங்க. எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கே கணக்கு. மாலையோட போய் நின்னோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

அதற்குள் பணிப்பாளர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். அந்தத் தோட்டத்தில் மீதி வீடுகளுக்கும் போக நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, அவர்கள் போட்ட நிபந்தனைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சின்னதொரை எங்களோடு கூடவே லயம் லயமாக வருவார் என்பது நிபந்தனை.

"தொரையோட போய் வாசல்ல நின்னா அது ஆய்வு இல்ல சேர். சோதனை" என்று மிஸ் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் பார்த்தேன். பணிப்பாளர் அனுமதிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்தார். கடைசியில் போவதென்று ஆனது. நாங்கள் போகாவிட்டாலும் சின்னதொரை தனியாகப் போய்ப் பார்ப்பார், அவர் மனதில் அந்த எண்ணம் விழுந்துவிட்டது என்று மிஸ்ஸுக்கே தெரிந்தது. முதல்நாளே பரமேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினோம்: நாளைக்குக் காலையிலேயே அத்தையையும் பிள்ளைகளையும் மேல் டிவிசனில், தோட்டத்தின் அந்தப் பக்கத்தில், யார் வீட்டுக்காவது அனுப்பிவிடு, மாலைவரை வரவே கூடாது. அனுப்பிவிட்டேன் என்று காலையில் அவளிடமிருந்து செய்தியும் வந்தது.

வேனில் போகும்போது நான் மிஸ்ஸிடம் கேட்டேன். "தொரை கேட்டா என்னா சொல்வீங்க?"

"கேக்காம இருக்கணும்" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு இறங்கினோம். சின்னதொரை அரைக்காற்சட்டையும் மழைக்கோட்டுமாகக் காத்திருந்தார். இளவயது, மரியாதையான பேச்சு. எங்களோடு சிங்களம் பேசினாலும் தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். அதுதான் எனக்குக் கவலை. எல்லோரும் மலையில் வேலைக்குப் போயிருந்ததால் லயங்களில் வயதானவர்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். முதல் லயம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

மூன்றாவது லயத்தின் மூலையைத் திரும்பினோம்.

கடைசிக் காம்பராவின் வாசலில், மழையில், மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். செல்வராணி அக்கா, மூத்தவள், சின்னவள். மூவருக்கும் தலை படிய வாரிவிடப்பட்டிருந்தது. அக்காவின் கையில் பொலித்தீன் உறையில் சுற்றிய காகிதக் கட்டு. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சின்னவளுக்குக் குளிரில் தாடை ஆடியது. ஆனாலும் அசையவில்லை. அந்த லயத்தில் வேறு யாரும் வாசலுக்கு வரவில்லை. பக்கத்துக் காம்பராத் தாத்தா மட்டும் கதவிடுக்கில் எட்டிப்பார்த்து, பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கணக்கெடுக்க வருகிறார்கள் என்ற ஒரு சொல் போதும், மேல் டிவிசனில் இருந்து இறங்கி ஓடி வந்துவிட்டார்கள். இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களே. ஐயோ அக்கா, வெட்ட இங்கே உங்களுக்குப் பெயரே இல்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது.

சின்னதொரை நின்றுவிட்டார். மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிஸ்ஸிடம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்.

"இவங்க யாரு? இந்தத் தோட்டத்து ஆட்கள் மாதிரித் தெரியல்லையே."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தொரையைப் பற்றிப் பயமில்லை. மிஸ்ஸைப் பற்றித்தான் பயம். இவர் வாயில் பொய் வராது. "சொல்ல விருப்பமில்லை" என்பார், அது சொன்னதற்குச் சமம். மேலே சரிவில் பெண்கள் கொழுந்து பறிப்பது தெரிந்தது. அவர்களில் ஒருத்தி பரமேஸ்வரி. அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"எங்களோட வந்தவங்க" என்றார் மிஸ்.

சின்னதொரை கண்ணைச் சுருக்கினார். "வேன்ல நான் பாக்கல்லையே?"

"போகும்போது பாருங்க."

சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக்கூட நிற்காமல் அக்காவின் முன்னால் போய் நின்றார். விளக்கம் சொல்ல வழியில்லை, முதுகுக்குப் பின்னால் தொரை. காது கேட்கும் தூரம். "நம்ம வேலை முடிஞ்சிருச்சு, செல்வராணி. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வேனுக்கு வாங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அக்கா மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். சின்னவள், "அம்மா, செருப்பு" என்று உள்ளே திரும்பினாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டார். உள்ளே அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது. துணிமணி உள்ளே, பள்ளிக்கூடப் பைகள் உள்ளே. ஏன், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரிகள் ஏறு என்றால் ஏறியும், இறங்கு என்றால் இறங்கியும் பழகியவர் நடந்த நடை அது. சின்னதொரை மடுவம் வரைக்கும் கூடவே வந்து, அவர்கள் வேனில் ஏறுவதைக் கைகட்டி நின்று பார்த்தார். கதவு சாத்தியதும் எங்களுக்குத் தலையசைத்தார். நாங்கள் ஏறிப் புறப்பட்டோம்.

வேன் தோட்டத்து எல்லையைத் தாண்டியது.

அக்காதான் முதலில் கேட்டார். "கணக்கெடுக்க வர்றாங்கன்னு சொன்னாங்க மேடம். நிக்கலேன்னா தப்பாயிடுமோன்னு வந்துட்டேன். தப்பாயிடுச்சா? மத்தியானம் திரும்பிடலாமா? உலையில சோறு இருக்கு."

நானாக இருந்தால், பார்க்கலாம் அக்கா என்றிருப்பேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மிஸ் முன்னிருக்கையிலிருந்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இல்ல செல்வராணி. இனி அங்க போக முடியாது. ஒங்கள அந்தாளு பாத்துட்டான். இனி எப்ப பாத்தாலும் அடையாளம் தெரியும். போனா பரமேசு காம்பரா போயிரும்."

"விருந்துக்கு வந்தவங்கன்னு சொல்லிருக்கலாமே மிஸ்" என்று நான் அழுதேன். "கோயில் திருவிழாவுக்கு வந்தவங்கன்னு சொல்லிருக்கலாமே!"

"திருவிழா முடிஞ்சதும் வந்து பாப்பான்."

அக்கா மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "அந்தாளு வெரட்டிருந்தா வெரட்டிட்டான்னு இருந்திருப்பேன் மேடம். கால்ல விழுந்திருப்பேன். கத்திருப்பேன். பொறந்த எடம்டான்னு மண்ண வாரித் தூத்திருப்பேன். இப்ப என் காலால நானே நடந்து வந்து ஏறிட்டேனே. நீங்க கூப்டீங்கன்னு ஏறிட்டேனே!" கடைசியில் அது அலறலாக வந்தது. மூத்தவள் தாயைக் கட்டிக்கொண்டாள். சாரதி வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டார்.

"ஆமா" என்றார் மிஸ். "பரமேசோட எடம் தப்பிச்சிச்சு. ஒங்க எடம் போச்சு. நான்தான் போக்குனேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு நல்ல இடம் பார்த்துத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு அவரை வெறுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. "இப்போதைக்கு என் வீடு இருக்கு. ரெண்டு அறை. எத்தன நாளைக்குன்னு எனக்கும் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரமேஸ்வரி துணிகளையும் பைகளையும் சின்னவளின் செருப்பையும் உரப்பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆய்வு எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்ததில் பணிப்பாளருக்கு நிம்மதி. என் பயிற்சியும் முடிந்தது. மிஸ் சொன்ன மாதிரியே அங்கே எனக்கு வேலை கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து, ஹட்டனுக்குப் போன ஒரு நாளில், ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் மிஸ்ஸின் வீட்டுக்கு ஏறிப்போனேன். அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் டவுன் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தார்கள். வீடு முழுக்கச் செல்வராணி அக்காவின் கை தெரிந்தது. அடுப்படி அவருடையது, கொடியில் காயும் மிஸ்ஸின் சேலையைத் துவைத்தவரும் அவர்தான். என்னை உட்காரவைத்து வாஞ்சையாக விசாரித்தார். பக்கத்து நாற்காலியில் மிஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

மிஸ் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேநீரில் ஆடை படிய ஆரம்பித்தது. அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்த சின்னவளைக் கூப்பிட்டார்.

"டீ ஆறுதுன்னு மேடத்துக்கிட்ட சொல்லு."

சின்னவள் எழுந்திருக்கவும் இல்லை, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை. "மேடம், டீ ஆறுதாம்."

"குடிக்கிறேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் மிஸ்.

"குடிக்கிறாங்களாம்மா."

நான் சிரித்துவிட்டேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று மூத்தவளிடம் கண்ணால் கேட்டேன். வந்த நாளிலிருந்து என்று அவளும் கண்ணாலேயே சொன்னாள். அக்கா உள்ளே போய் இன்னொரு கோப்பையைச் சூடாக்கி எடுத்துவந்தார். ஆறியதை எடுத்துக்கொண்டு, சூடானதை மிஸ்ஸின் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனார்.